சிவப்பு ஜீப்பின் கவனத்துக்கு

“இக்கா, டிக்கெட் எடுத்தாலும் உங்களை உள்ள விட முடியாது. உத்தரவு அப்படி” என்றான் வாசலில் நின்ற பாவுட்டி. சொல்லும்போது வீரான்குட்டியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வீரான்குட்டி தகராறு செய்யவில்லை. அரையிறுதி அன்று ரெஃபரியின் சட்டையைப் பிடித்ததற்குக் கிடைத்த கூலி இது. இன்று செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தின் இறுதி ஆட்டம். எதிரே பிரதர்ஸ் டீம். இந்தப் பக்கம் ராக்கெட் க்ளப், அவர் மூன்று வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய ஏழு பையன்கள்.

அறுவடை முடிந்த வயலில் கமுகுத் தடிகளால் கட்டிய கேலரி. ஓசியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி சுற்றிலும் நீலத் தார்ப்பாய். அதற்கு அந்தப் பக்கம் மலப்புரமே திரண்டிருந்தது. இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்திய பைக்குகளும் அவரும்.

ஒரு காலத்தில் இதே வயலில் அவர் இடது ஓரமாகப் பந்தோடு கிளம்பினால் கேலரி எழுந்து நிற்கும். ஜெயித்தால் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போவார்கள். முட்டி போயிற்று, கோச் ஆனார். அன்றிலிருந்து அவர் வந்து உட்கார்ந்தால் பையன்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பஸ்ஸில் பிரியாணிப் பொட்டலத்தையும் முன் சீட்டில் தனியாகத்தான் பிரிப்பார். இருந்தாலும் அவருக்கென்று ஒரு டீம் இருந்தது. நாளை முதல் அதுவும் உண்டா இல்லையா என்பது இந்த ஆட்டத்தின் முடிவில் இருந்தது.

மைக் அலறியது. பிரதர்ஸ் ஒரு கோல். இடைவேளையும் வந்து போயிற்று.

வீரான்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதிராளிகளின் ரசிகர்கள் கொட்டும் செண்டை மேளச் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்திலிருந்துதான் எழுந்தது. ராக்கெட்டின் இடது பக்கம். ஷிபிலி மறுபடியும் ஆசைப்பட்டு முன்னால் ஏறிப்போகிறான்; பின்னால் பாதை திறந்து கிடக்கிறது. பார்க்கவே வேண்டாம். சத்தமே சொன்னது.

மைக்கில் அறிவிப்புச் செய்யும் ஸைதலவியின் தகரக் கொட்டகைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. வீரான்குட்டி போய்த் தட்டினார்.

கேலரி இரைச்சலில் எந்தக் கோச்சின் தொண்டையும் எடுபடாது. அதற்காக அவர் பையன்களுக்குப் பழக்கிவைத்த தந்திரம் ஒன்று இருந்தது. வழியை மறைக்கும் வண்டி, காணாமல் போன சாவி என்று மைக்கில் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் தன் உத்தரவை நுழைத்துவிடுவார். சிவப்பு ஜீப் என்றால் ஷிபிலி பின்னால் இறங்க வேண்டும். பைக் சாவி என்றால் ஜம்ஷீர் தூரத்திலிருந்தே கோலுக்கு அடிக்க வேண்டும். ஸைதலவி கூட்டாளி.

ஆனால் இன்று ஸைதலவி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

“யோசிச்சுத்தான் வந்தீங்களா இக்கா? இதைச் சொன்னா உங்க கதை முடிஞ்சுது. பேசாம வீட்டுக்குப் போய்ப் படுங்க. தோத்தாத் தோத்துட்டுப் போறானுங்க.”

“அங்க அவனுங்க மூச்சு வாங்கறது எனக்குக் கேக்குதுடா.”

“உங்களுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்திலயும் பந்துதான் இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு ஸைதலவி மைக்கைத் திறந்தான். சிவப்பு ஜீப்பின் உரிமையாளர் வண்டியை உடனே பின்னால் எடுக்கும்படி குழைந்த குரலில் கேட்டுக்கொள்ளப்பட்டார்.

கொஞ்ச நேரத்தில் பிரதர்ஸின் செண்டை சுருதி இறங்கியது. இப்போது சத்தம் நடுவில் முட்டி முட்டி நின்றது. திடீரென்று கேலரி குலுங்கியதில் தார்ப்பாய் வெளிப்பக்கம் உப்பியது. ராக்கெட் ஒரு கோல். சமன்.

வீரான்குட்டி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத் திரும்பினார். பைக்குகள்தான் நின்றிருந்தன.

கடைசி நிமிடங்கள். எதிராளிகள் மொத்தமாகப் பின்னால் இறங்கிக் கோலை அடைத்துக்கொண்டார்கள் என்று சத்தம் சொன்னது. உள்ளே நுழைந்து அடிக்க வழியில்லை. வெளியிலிருந்து அடித்தால்தான் உண்டு. அவர் ஜன்னலை நோக்கித் திரும்பினார். இரண்டடி வைத்து நின்றார். வாசல் பக்கம் பார்த்தார். அப்படியே திரும்பி நடந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தட்டினார்.

ஸைதலவி மைக்கை வாயருகே இழுத்தான். பைக் சாவியைத் தொலைத்தவர் மைக் கொட்டகைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று சொன்னான்.

அடுத்து எழுந்த கூச்சலில் வயலோரத்து மரங்களிலிருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. அந்தக் கூச்சலிலேயே இறுதி விசிலும் முங்கிப்போனது.

ராக்கெட் க்ளப்பின் செக்ரட்டரி கோயா ஹாஜி வாசலுக்கு வெளியே ஓடிவந்தார். காரிலிருந்து பெரிய சாமந்தி மாலையை எடுத்துக்கொண்டு திரும்பியவர், வீரான்குட்டியைப் பார்த்ததும் நின்றார். வீரான்குட்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

ஹாஜி மாலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“முந்தாநாள் உன் வீட்டுக்கே வந்து வாக்குக் குடுத்தேன்ல வீரானே, உன்னை நிறுத்திட்டு நாங்க போட்ட புதுக் கோச் இன்னைக்குத் தோத்தா நாளையிலிருந்து மறுபடி நீதான்னு. என்ன செய்யறது, பாதி ஆட்டத்துக்கு மேல அந்த மனுஷன் டீமையே மாத்திக் காட்டிட்டாரு.”