செவ்வாய்க்கிழமைச் சந்தேகம்

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு விடுமுறையில் வந்த மகன் குகநேசன், செவ்வாய்தோறும் கிளிநொச்சிக்குப் போவது நாகேஸ்வரிக்குச் சந்தேகமாக இருந்தது.

“ஆரோ பெட்டையைப் பாக்கத்தான் போறான்” என்றாள்.

“எனக்குத் தெரியாது. நான் வயலுக்குப் போறன்” என்று கணவர் மயில்வாகனம் நழுவினார்.

அடுத்த செவ்வாய், அவளும் பஸ் ஏறிப் போனாள். கிளிநொச்சியில் இறங்கியதும், மகனின் சைக்கிள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைக் கண்டாள். உள்ளே மனநலப் பிரிவின் முன் வாங்கில் குகநேசன் உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் மயில்வாகனம்!

“கம்பஸ் சோதனைப் பயத்தில நித்திரையே இல்லை, அம்மா. செத்துப்போகலாம் போல இருந்தது. அப்பாட்டச் சொன்னனான்.”

“எனக்கேன் மறைச்சனீங்கள்?”

“ஊர் அவனை விசரன் எண்டு சொல்லும். நீ தாங்கமாட்டாய் எண்டு பயந்திட்டன்” என்றார் கணவர்.

நாகேஸ்வரி மகனின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

“டொக்டரிட்ட நானும் வாறன்.”