விளம்பரம் ஓடாத காது

ரெஜினாவின் இலவசக் காதுக்கருவியில், யார் பேசினாலும் ஒரு வரி கேட்டதும் விளம்பரம் ஓடும். நெட்டில் இணைத்து மாற்றப் பார்த்தால் கம்பெனிக்காரர்கள் கருவியையே பூட்டிவிடுவார்கள். அதனால் பக்கத்து வீட்டு மதுமதி, விளம்பரமில்லாத லினக்ஸ் மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவந்து கருவியில் ஏற்றினாள். கூடவே வேண்டிய ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜ் இல்லையென்று அது முரண்டு பிடித்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அதையும் எடுத்து வந்தாள்.

"அங்கிள், இப்பப் பேசிப் பாருங்க."

ரெஜினாவின் கணவர் லூர்துசாமி அவளருகில் வந்து உட்கார்ந்தார்.

"மழை வரும் போலிருக்கு," என்றார். பிறகு வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு, விளம்பரம் முடியக் காத்திருந்தார்.

ரெஜினா அவர் கையைத் தட்டினாள். "இனிமே அது வராதுங்க. மிச்சத்தச் சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"எந்த வருசத்து மிச்சத்த?"