நோரீனின் சாட்சி

"பிரேக்ல மட்டும் கை வெக்காதீங்க சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா பழி சபை மேல வரும்னு மூப்பருங்க எழுதி வெச்ச விதி. நான் என்ன செய்யட்டும்?" என்றார் டீக்கன் ஹோரஸ்.

காருக்கு அடியில் படுத்திருந்த நோரீன் டார்ச்சைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினாள். பிரேக் பேடு முழுக்கத் தேய்ந்து, இரும்பு இரும்போடு உரசிய கீறல்கள் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தன.

அக்டோபரின் முதல் சனிக்கிழமை. துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்களின் கார்களை, பனி விழுவதற்குள் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர்த் திருச்சபை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் நாள். ஆயில் மாற்றுவார்கள், டயருக்குக் காற்றடிப்பார்கள், புது வைப்பர் போடுவார்கள். அதுவரை பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடம் முன்பு நோரீன் மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை கற்றுவந்து இதைத் தொடங்கியபோது வந்தவை மூன்றே கார்கள். அப்போது ஹோரஸுக்குத் தலை நிறைய முடி இருந்தது.

இந்தக் கார் ஜோலினுடையது. வயது இருபத்தாறு, இரண்டு பெண் குழந்தைகள். திங்கட்கிழமை காலை மலைக்கு அந்தப்பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் சலவை வேலைக்குச் சேர வேண்டும். எட்டு மைல் இறக்கம், பஸ் கிடையாது. ஊர்க் கராஜில் வியாழக்கிழமைக்கு முன்னால் இடமில்லை என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

நோரீன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "சபை பேர்ல செய்ய வேணாம். மத்தியானம் என் வீட்டு வாசல்ல வெச்சு நானே மாத்திடறேன். அது என் பாடு."

"உங்களோட மல்லுக்கட்டி நான் என்னைக்கு ஜெயிச்சேன்?" என்றார் ஹோரஸ்.

ஆனால் ஜோலின் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயில் மாற்றியதே போதும், அதற்கு மேல் யார் தயவும் தனக்கு வேண்டாம் என்றாள். தயவு செய்தவர்கள் பிறகு அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை என்றும் சொன்னாள். சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா. இவங்க சாட்சியக் கேட்டுட்டுப் போ" என்றார் ஹோரஸ்.

கடைசி ஜெபத்துக்கு முன் நோரீன் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வது வருடா வருடம் நடப்பது. பட்ட பாட்டை 'நான்' என்று போடாமல் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். அன்றும் கூடத்தில் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நோரீன் எழுந்தாள்.

ஒரு பெண் இருந்தாள். இதே போல ஒரு அக்டோபர்க் காலை. தெரு முழுக்க மேப்பிள் இலை சிவப்பாய் உதிர்ந்து கிடந்தது, எங்கிருந்தோ விறகுப் புகை வாசனை. அன்றைக்குத்தான் புருஷன் அவளை விட்டுப் போனான். இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வெளியே வந்தாள். பச்சை நிறக் கார். சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் மட்டும் வந்தது. இறங்கி பானெட்டைத் தூக்கினாள். தெரியாத பாஷையில் வந்த கடிதத்தைப் பார்ப்பது போல எஞ்சினைப் பார்த்தபடி நின்றாள். ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு, இலைகளை மிதித்தபடி நடந்தே போனாள்.

அந்த இலைகளின் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது என்று முடித்து நோரீன் உட்கார்ந்தாள். ஹோரஸ் மூக்கைச் சிந்தினார். ஜோலின் நோரீனின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இதையெல்லாம் பட்டவங்க கையால வாங்கிக்கறதுல எனக்கு வெக்கமில்ல சிஸ்டர்."

நோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

மத்தியானம் நோரீனின் வீட்டு வாசலில் வேலை நடந்தது. குழந்தைகள் இலைகளைக் குவித்து அதில் விழுந்து புரண்டார்கள். கடைசிச் சக்கரத்தையும் மாட்டியதும் ஜோலின் தெருவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. இறங்கி வந்தவள், கிரீஸ் படிந்த நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை தைரியமா மலை இறங்குவேன். ஒண்ணு கேக்கலாமா? உங்கள விட்டுப் போன அந்த மனுசன மன்னிச்சிட்டீங்களா?"

நோரீன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"மன்னிக்க வேண்டியவ நான் இல்ல மகளே. வேலை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீ இந்தப் பிரேக்க மலை இறங்குறதுக்கு எடுத்துக்கோ, என்னைப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கோ."

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் பொண்ணு எஞ்சினப் பாத்துக்கிட்டு நின்னதையும், பிள்ளைகளோட நடக்க ஆரம்பிச்சதையும், தெருமுனையில என் கார்ல கண்ணாடிய எறக்கிவிட்டு உக்காந்து பாத்தேன். பக்கத்து சீட்ல இருந்த அவ புருஷன், 'பத்து நிமிஷ வேலைதான், அவளே யாரையாவது கூப்பிட்டுக்குவா, நீ வண்டிய எடு'ன்னான். நான் எடுத்தேன்."