நிற்காத சங்கிலி

“ஸ்டார்ட் ஆனா போதும் தம்பி. வேற எதையும் நோண்டாதே.”

அடுத்த தெரு அக்கா, மரம் அறுக்கும் அந்தப் பழைய மெஷினை மேசைமேல் வைத்தாள்.

சொன்னால் கேட்கிற ஆளா மெக்கானிக்? கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் பிசினாய் உறைந்திருந்தது. கழுவிப் பூட்டிக் கயிற்றை இழுத்ததும் மெஷின் உறுமியது. ஆனால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் அறுக்கும் சங்கிலி நிற்காமல் ஓடியது.

“உங்க வீட்டுக்கார அண்ணனோட இடது காலைப் பதம் பார்த்தது இதுதானாக்கா?”

“ஆமா. படுத்த படுக்கையா கிடந்தார். இப்பதான் பழையபடி நடமாடுறார். நாளைக்கு வேலைக்குப் போறார்.”

மெக்கானிக் ஒரு ஸ்குரூவைத் திருகினான். சங்கிலி நின்றது.

“எந்த மடையனோ இதைக் கன்னாபின்னான்னு முறுக்கி வச்சிருக்கான். சரி பண்ணிட்டேன். இனிமே கையை எடுத்தா சங்கிலி கப்சிப். அண்ணன் மேல ஒரு கீறல் விழாது.”

அக்காவின் முகம் செத்துப்போனது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அதை முன்ன இருந்த மாதிரியே முறுக்கி வச்சிடு தம்பி.”

“ஏங்க்கா?”

“அவர் என்னை உதைக்கிறது வலது காலால.”