பட்டியலில் விடுபட்ட பெயர்

லஞ்சத்துக்கும் விலைவாசிக்கும் எதிராக நாளைக்குப் பேரணி. யார் யார் போவார்கள் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். போலீஸ் அவர்களை முதல் நாளே கல்யாண மண்டபத்தில் அடைத்துவிடும். தறிச் சங்கத் தலைவர் நல்லசிவம் இப்படி ஏழு முறை கைதானவர். பேரணியைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தத் தடவையும் லுங்கி, பல்பொடி, பிரஷர் மாத்திரையெல்லாம் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு வேன் வந்தது. எழுந்து செருப்பை மாட்டினார்.

"நீங்க உக்காருங்ண்ணா," என்றாள் பெண் போலீஸ். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லீங்க. கோகிலவாணிங்கறது யாருங்க?"

"எங்கூட்டுக்காரி. அவ கடைவீதிக்கே தனியாப் போகமாட்டா. மிசினு தப்பாச் சொல்லுது."

கோகிலவாணி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"காத்தால ரேசன் கடையில நிக்கறப்பத்தான் முடிவு பண்ணுனேன். அதுக்குள்ள எப்படிங்க தெரிஞ்சுது?"

"அது எங்களுக்கே தெரியாதுங்க்கா."

கணவரின் பையிலிருந்து லுங்கியையும் மாத்திரையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தன் சேலை ஒன்றை அதில் திணித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

மறுநாள் நல்லசிவத்தைத் தடுக்க ஆளில்லை. பேரணிக்குப் போகிற பஸ் அவர் வீட்டு முன்னாலேயே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனது. பட்டியலைத் திருத்திக்கொண்டு யாராவது கைது செய்ய வருவார்கள் என்று, சாயங்காலம் வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.