தெருப்பக்கச் சுவர்

செத்தவர் உடம்பில் ஊறிக் கிடக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி, ஜிப்சத்தோடு பிசைந்து, சுடுகாட்டிலேயே சுவர்ப் பலகையாக வாரிசிடம் கொடுத்துவிடுவார்கள். மாசிலாமணியின் மனைவி இப்போது சமையலறைச் சுவர். தாளிக்கும்போதெல்லாம் மருமகளை முறைப்பாள். தெருப்பக்கம்தான் இன்னும் தார்ப்பாய். அதன் கிழிசல் வழியே மழை என்ன, வங்கக்கடலே வந்துபோனது. பேத்திக்கு இருமல் நிற்கவில்லை.

மருமகள் எழிலரசி கொதிக்கிற டீயைக் கேரி பேக்கோடு நீட்டினாள்.

“டம்ளர்ல ஊத்தித் தரக்கூடாதாம்மா?”

“பையோடயே உறிஞ்சுங்க மாமா. அப்பத்தான் உடம்புல ஒட்டும்.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பேத்தி மறுபடி இருமினாள். மாசிலாமணி ஒரே மூச்சில் உறிஞ்சினார். எழுந்துபோய், குச்சிக் கைகளைத் தார்ப்பாயின் அகலத்துக்கு விரித்துப் பார்த்தார். எட்டவில்லை.

“இன்னொரு பை குடும்மா. அப்படியும் நான் பத்தலன்னா, நடுவுல ஒரு ஜன்னல் வச்சிடு.”