பின்சீட்டுத் துணை

சாவியைத் திருப்பும்போதே நர்ஸுக்கு உள்ளங்கை வழுக்கியது.

லைசென்ஸ் எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. பயிற்சிப் பள்ளி மைதானத்தில் எட்டுப் போட்டதோடு சரி. வண்டிகள் பறக்கும் சாலையில் இன்னும் இறங்கியதில்லை.

ஆனால் திங்கட்கிழமை முதல் ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரியில் அவளுக்கு விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி ஓட்டப் பயந்தால், கிடைத்த வேலை கையைவிட்டுப் போய்விடும்.

"புதுசைக் கீழ போட்டா மனசு தாங்காதுக்கா. பழசுன்னா அதுக்கே விழுந்து பழக்கமிருக்கும்" என்று தம்பி சொல்லித்தான் இந்தப் பழைய வண்டிக் கடைக்கு வந்தாள்.

கடைக்காரர் காட்டிய சிவப்பு வண்டியில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றின. பாதி பயம் போனது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்கம்மா" என்று அவர் சொன்னதும், போன பாதி வட்டியோடு திரும்பி வந்தது.

"தனியாவா?"

"சேச்சே. நம்ம மீசை கூட வருவார்."

மீசை என்றால் மீசைதான். முகத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். ஹெல்மெட்டை இறுக்கி மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வாசலிலேயே வண்டி ஒருமுறை அணைந்தது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா. நான் இருக்கேன்ல" என்றார் மீசை.

மெதுவாக விட்டாள். சாலை வந்துவிட்டது.

பஸ் ஒன்று தோளை உரசுகிற மாதிரி கடந்தது. எது பிரேக், எது கிளட்ச் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடலாமா?

கண்ணாடியில் பார்த்தாள். மீசை அசையவில்லை. மூச்சு திரும்பியது.

மேம்பாலத்து ஏற்றத்தில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவளும் நின்றாள். வண்டி பின்னோக்கி நழுவத் தொடங்கியது. பின்னால் வந்த காரின் ஹாரன் காதைக் கிழித்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நானே சமாளிக்கட்டும் என்று விட்டிருக்கிறார் என நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது.

கடைக்குத் திரும்பி இறங்கியபோது அவள் முதுகெல்லாம் ஈரம்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் கடைக்காரரிடம். பிறகு மீசையிடம் திரும்பினாள். "பாலத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. உயிரே போயிடுச்சு."

அவர் இன்னும் இறங்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் சைக்கிள்கூட ஓட்டினதில்ல. கிளட்ச் பத்திச் சொன்னதுகூட முதலாளி சொல்லிக் கேட்டதுதான். ஓட்டிப் பாக்கறேன்னு போன ரெண்டு பேரு வண்டியோட அப்படியே கம்பி நீட்டிட்டாங்க. அதுலேர்ந்து முதலாளி என்னையும் ஏத்தி அனுப்பறார்."

அப்போதுதான் அவள் கால்கள் நடுங்கத் தொடங்கின.

அதற்குள் ஓர் இளைஞன், வரிசையிலேயே பெரிய கறுப்பு வண்டியை வாசலில் நிறுத்தி உறுமவிட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் கை காட்டினார்.

மீசை அதன் பின்சீட்டில் ஏறி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.